தலைமுடியும் நமது சாப்பாடும்



சம்பளம் போட்ட மறுநாள் டவுனிலிருந்து திரும்பி வருகிற பஸ்ஸில் ஏறினால், பத்துப் பைகளில் இரண்டு மூன்றிலாவது ஒரு தலைமுடி எண்ணெய்ப் போத்தல் இருக்கும். போத்தலின் மேலே முழங்கால் வரை கூந்தல் தொங்கும் பெண்ணின் படம். வாங்கியவரைக் கேட்டால், "முடி கொத்துக் கொத்தாக் கொட்டுதுங்க ஐயா, என்னா செய்யிறது" என்பார். இந்தக் கேள்வி நமது காரியாலயத்துக்கு வராத மாதமே இல்லை. ஆகவே இம்முறை சுகாதாரப் பாடத்தில் தலைமுடியைப் பற்றிப் பேசுவோம். "முடி கொட்டுறதெல்லாம் ஒரு பாடமா" என்று சிலர் நினைக்கலாம். நாமும் முன்பு அப்படித்தான் நினைத்தோம். அதனால் நாம் விட்ட ஒரு பிழையையும் இதில் சொல்லப் போகிறோம்.

முடி என்பது என்ன? ஒரு சின்னப் பரிசோதனை செய்து பாருங்கள். சீப்பில் சிக்கிய முடியை அடுப்பில் போடுங்கள். ஒரு கெட்ட நாற்றம் வரும். கோழி இறகு எரிந்தாலும், மாட்டுக் கொம்பு தீய்ந்தாலும் அதே நாற்றம்தான். அழுகிய முட்டையிலும் அதற்குச் சொந்தக்கார வாடை ஒன்று அடிக்கும். இவை எல்லாவற்றிலும் கந்தகம் இருக்கிறது. நம் முடியின் நிறையில் நூற்றுக்கு 5 பங்கு அளவில் கந்தகமே. அது முடிக்குள் தனித் தூளாக இல்லை, புரதத்தோடு சேர்ந்து இருக்கிறது. முடி ஏறக்குறைய முழுவதும் கெரற்றின் என்ற ஒரு புரதத்தால் ஆனது. நகமும் அதே சரக்குத்தான்.

புரதம் என்பது முத்துமாலை போன்றது. முத்துக்களுக்கு அமினோ அமிலம் என்று பெயர். மொத்தம் 20 வகை முத்துக்கள் உண்டு. அவற்றில் 9 வகையை நமது உடம்பால் செய்துகொள்ள முடியாது, சாப்பாட்டில்தான் வர வேண்டும். கந்தகம் உள்ள முத்துக்கள் இரண்டு. ஒன்று மெதியோனின், மற்றது சிஸ்டீன். மெதியோனினை 1922 ஆம் ஆண்டில் மியூலர் என்ற அமெரிக்க விஞ்ஞானி பால் புரதத்திலிருந்து பிரித்தெடுத்தார். மெதியோனின் சாப்பாட்டில் வந்தால், அதிலிருந்து சிஸ்டீனை உடம்பே செய்துகொள்ளும். முடியில் மிகுதியாக இருப்பது இந்தச் சிஸ்டீன்தான். பக்கத்துப் பக்கத்து இழைகளில் உள்ள சிஸ்டீன்கள் கந்தகத்தால் கைகோர்த்துப் பிடித்துக் கொள்கின்றன. முடியை இழுத்தால் சட்டென்று அறுந்து போகாமல் தாக்குப் பிடிப்பது அந்தப் பிடிப்பினால்தான்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லி விடுகிறோம். தலைக்கு மேலே தெரிகிற முடிக்கு உயிர் கிடையாது. அதனால்தான் வெட்டும்போது வலிப்பதில்லை. உயிருள்ள பகுதி தோலுக்குக் கீழே, வேரில் இருக்கிறது. அந்த வேருக்குச் சாப்பாடு இரத்தத்தின் வழியாக மட்டுமே போகும். எண்ணெய் தேய்த்தால் முடி பளபளக்கும், சிக்கில்லாமல் சீவலாம், வெயிலுக்கும் காற்றுக்கும் வறண்டு உடையாது. தேங்காய் எண்ணெய்க்கு அந்த மரியாதை உண்டு, வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் எந்தப் போத்தலும் வேருக்குச் சோறு போடாது. அடுத்த முறை கடையில் அந்தப் போத்தலைக் கையில் எடுக்கும்போது, அந்தக் காசுக்கு எத்தனை முட்டை வரும் என்று ஒரு தரம் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

இப்போது சிலர், "கந்தகம்தானே வேணும், வெள்ளைப்பூட்டுலயும் வெங்காயத்துலயும் கந்தகம் இருக்காமே, அதைத் திண்டாப் போதாதா?" என்று கேட்பார்கள். கேள்வி நல்ல கேள்வி. பூட்டிலும் வெங்காயத்திலும் கோவாவிலும் கந்தகம் உண்டு என்பது உண்மை. உரிக்கும்போது வருகிற வாடையும் கண்ணீரும் அதனால்தான். ஆனால் அந்தக் கந்தகம் முடி கட்டுகிற முத்தாக இல்லை. உடம்பு வெறும் கந்தகத்தை எடுத்து மெதியோனின் செய்யாது. புரதமாக வந்தால்தான் முடிக்கு ஆகும். பூட்டைக் கறிக்குப் போடுங்கள், ருசிக்கு நல்லது. முடிக்கென்று காலையில் பச்சையாகக் கடித்து வாயைப் புண்ணாக்கிக் கொள்ள வேண்டாம்.

சரி, நமது தோட்டப் பக்கத்துச் சாப்பாட்டில் இந்த முத்துக்கள் எவ்வளவு வருகின்றன? ஒரு சாதாரண நாளை எடுத்துக் கொள்வோம். 45 கிலோ எடையுள்ள ஒரு தாய். காலையில் மாவு ரொட்டியும் சம்பலும். அதையே கட்டி எடுத்துக்கொண்டு மலைக்குப் போய் மதியமும் ரொட்டியும் சம்பலும். இரவில் சோறும் ஒரு கறியும். இரண்டு வேளைக்கும் சேர்த்து 200 கிராம் கோதுமை மா என்றும், இரவுக்கு 150 கிராம் அரிசி என்றும் வைத்தால், கிடைக்கிற புரதம் ஏறக்குறைய 30 கிராம். சம்பலில் உள்ள தேங்காயை நம்பிப் பிரயோசனமில்லை, 100 கிராம் தேங்காயில் 3 கிராம் புரதம்தான். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் நல்ல புரதம் வேண்டும். 45 கிலோவுக்கு 37 கிராம். அவர் பால் கொடுக்கிற தாயாக இருந்தால் முதல் ஆறு மாதத்துக்கு இன்னும் 19 கிராம் சேர்த்து 56 கிராம். 30 எங்கே, 56 எங்கே!

இதற்குள் இன்னொரு விஷயம் இருக்கிறது. நாமே கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான் அது விளங்கியது. மேலே சொன்ன ரொட்டியிலும் சோற்றிலும் கந்தக முத்துக்கள் தேவைக்கு மேலேயே இருக்கின்றன. குறைவது வேறொரு முத்து. அதன் பெயர் லைசின். அந்தத் தாய்க்கு நாளொன்றுக்கு 1350 மில்லிகிராம் லைசின் வேண்டும். ரொட்டியும் சோறும் தருவது அதில் மூன்றில் இரண்டு பங்குகூட இல்லை. ஒரு முத்துக் குறைந்தால் உடம்பு மாலையை முடிக்க முடியாது. கொழுந்து மலையாய்க் குவிந்து கிடந்தாலும் லொறி வராவிட்டால் பெக்டரிக்குப் போகாது, மடுவத்திலேயே கிடந்து வாடும் அல்லவா? அதுபோல் மிஞ்சிய கந்தக முத்துக்கள் முடிக்கும் போகாமல், தசைக்கும் போகாமல் வீணாக எரிந்து போகின்றன.

அந்த லொறி எது என்றால், பருப்பு. மைசூர்ப் பருப்பு, பாசிப்பயறு, கௌபி, கடலை எல்லாவற்றிலும் லைசின் நிறைய உண்டு. ஆனால் பருப்பில் மெதியோனின் குறைவு. அதை ரொட்டியும் சோறும் கொடுத்துவிடும். ஒன்றின் குறையை மற்றது நிரப்புகிறது. 50 கிராம் பருப்பு, அதாவது ஒரு சிறங்கை அளவு, அவருடைய லைசின் குறையைத் தீர்த்து, 12 கிராம் புரதத்தையும் சேர்க்கும். சோறும் பருப்பும் சேர்த்துச் சாப்பிடுகிற பழக்கத்தை நம் முன்னோர் எந்த ஆராய்ச்சியும் இல்லாமலே கண்டுபிடித்திருந்தார்கள். ரொட்டியும் சம்பலும் மட்டும் என்ற பழக்கம் அவசரத்துக்கு வந்தது, அப்படியே குடியேறி விட்டது. விடிய எழுந்து, தண்ணி எடுத்து, பிள்ளைகளைப் பிள்ளைக் காம்பராவில் விட்டுப் பிரட்டுக்கு ஓடுகிறவருக்குப் பருப்பு அவிக்க நேரம் எங்கே என்பது நமக்குத் தெரியும். இரவே பயறையோ கடலையையோ ஊறப் போட்டு, சோற்றடுப்பு அணையும்போது அவித்து வைத்தால் காலைக்கு ஆகும். மைசூர்ப் பருப்புக்கு ஊறப் போடவும் தேவையில்லை.

முட்டையில் எல்லா முத்துக்களும் சரியான அளவில் இருக்கின்றன. ஒரு முட்டையில் 6 கிராம் புரதம். அந்தத் தாய்க்கு ஒரு நாளைக்கு வேண்டிய கந்தக முத்துக்களில் பாதிக்குக் கிட்ட ஒரே முட்டையில் கிடைக்கும். அவித்தோ பொரித்தோ சாப்பிடுங்கள். பச்சையாகக் குடிக்காதீர்கள். பச்சை வெள்ளைக் கருவில் உள்ள ஒரு பொருள், முடிக்கு வேண்டிய பயோட்டின் என்ற விற்றமினைப் பிடித்து வைத்துக் கொள்ளும். வெந்தால் அது கெட்டுப் போகும், பயோட்டின் நமக்குக் கிடைக்கும். அடுத்தது நெத்தலிக் கருவாடு. அதில் பாதிக்கு மேல் புரதம்தான். 20 கிராம் நெத்தலியில் 10 கிராம் புரதம் வந்துவிடும். முள்ளோடு சாப்பிடுவதால் எலும்புக்கும் நல்லது. உப்பு அதிகம், ஆகையால் சுடுதண்ணியில் இரண்டு தரம் அலசுங்கள். பிரஷர் உள்ளவர்கள் கொஞ்சமாகச் சேர்க்க வேண்டும். சோயாமீட்டும் நல்லதே.

இப்போது பாருங்கள். 30 கிராமோடு பருப்பு 12, முட்டை 6, நெத்தலி 10. மொத்தம் 58. பால் கொடுக்கிற தாயின் கணக்கு நிறைந்து விட்டது.

கணக்கில் நிறைந்தது கோப்பையில் நிறைகிறதா என்பது வேறு கதை. லயத்தில் நாம் கண்டதைச் சொல்லாமல் இருக்க முடியாது. கோழி வளர்க்கிறார்கள், முட்டை கடைக்குப் போகிறது, கடையிலிருந்து பிஸ்கட் வருகிறது. மாடு வளர்க்கிறார்கள், கறந்த பாலை ஒரு சொட்டு மிச்சமில்லாமல் பால் எடுக்கும் இடத்தில் ஊற்றிவிட்டு, பிள்ளைக்குச் சாயத்தண்ணி கொடுக்கிறார்கள். காசு வேண்டும்தான், மறுக்கவில்லை. ஆனால் ஒரு தம்ளர் பாலும் வாரத்துக்கு நாலு முட்டையும் வீட்டில் நிற்கட்டும். மீன் கறி வைத்தால் துண்டு முதலில் வீட்டுக்காரருக்கு, பிறகு பையன்களுக்கு. கடைசியில் சட்டியை வழித்துச் சோற்றில் பிசைந்து கொள்கிறவர், மலையில் கூடை சுமந்து வந்த அந்தத் தாய். கிளினிக்கில் திரிபோஷா கிடைத்தாலும் அது முழுக் குடும்பத்துக்கும் பங்கு போகிறது. தகப்பன்மாரே, இதை வாசிக்கிறவர் நீங்களாக இருந்தால், இன்று இரவு உங்கள் மனைவியின் கோப்பையை ஒரு தரம் எட்டிப் பாருங்கள்.

உடம்பும் இதே கணக்கில்தான் பங்கு வைக்கிறது. புரதம் குறைந்தால் இருதயத்துக்கும் ஈரலுக்கும் இரத்தத்துக்கும் முதலில் கொடுக்கும். முடிக்குக் கடைசிப் பந்தி. அதனால்தான் உடம்புக்குள் வருகிற குறையை முடி வெளியே காட்டிக் கொடுக்கிறது.

நாம் விட்ட பிழைக்கு வருவோம். சில வருஷங்களுக்கு முன் ஒரு தாய், மூன்றாவது குழந்தை பிறந்து நாலு மாதத்தில், முடி கொட்டுகிறதென்று நம்மிடம் வந்தார். கையில் பிறந்த குழந்தை. சேலையைப் பிடித்துக்கொண்டு இரண்டரை வயதுப் பெண் பிள்ளை, தலையில் கம்பளித் தொப்பி. குளிர்ப் பிரதேசம், நம் பிள்ளைகள் பிறந்தது முதல் தொப்பியோடுதான் இருப்பார்கள். பேச்சோடு பேச்சாகத் தாய் தொப்பியைக் கழற்றி, "இவளுக்கும் முடி செம்பட்டையாப் போச்சுங்க ஐயா, சீவவே விடமாட்டா, கையோட வருது" என்றார். நாம் பார்த்தோம். முடி மெலிந்து, தும்புபோல, சிவந்து இருந்தது. பக்கத்தில் நின்ற அப்பாயி, "அது சூடு, எண்ணெ வச்சாச் சரியாப் போயிரும்" என்றார். நாமும் தலையாட்டினோம். தாய்க்கு மட்டும் நாலு நல்ல வார்த்தை சொல்லி அனுப்பினோம். பிள்ளையைக் கிளினிக்குக் காட்டச் சொல்ல நமக்குத் தோன்றவில்லை.

மூன்று வாரம் கழித்து லயத்துக்கு வந்த மருத்துவமாது அந்தப் பிள்ளையின் காலை விரலால் அழுத்திப் பார்த்தார். விரல் பதிந்த குழி அப்படியே நின்றது. "பிள்ளை கொழுகொழுன்னு இருக்குன்னு நெனச்சோம்" என்றார் அப்பாயி. அது கொழுப்பல்ல, வீக்கம். அன்றே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். பல நாட்கள் அங்கே வைத்திருந்துதான் காப்பாற்றினார்கள்.

இந்த நோய்க்குக் குவாஷியோர்கர் என்று பெயர். ஆபிரிக்காவில் அப்போது கோல்ட் கோஸ்ட் எனப்பட்ட இன்றைய கானா நாட்டில் வேலை செய்த டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் என்ற பெண்மணி, 1930களில் இதைப் பற்றி எழுதி உலகத்துக்குத் தெரிவித்தார். சோளக் கஞ்சி மட்டுமே சாப்பிட்ட பிள்ளைகளுக்குக் காலும் கையும் வீங்கி, முடி நிறம் மாறி, தோல் உரிவதைக் கண்டார். பெயரும் அந்த ஊர் மக்களின் பேச்சிலிருந்து எடுத்ததே. அடுத்த குழந்தை பிறந்ததும் தாய்ப்பாலிலிருந்து தள்ளப்பட்ட பிள்ளைக்கு வருகிற நோய் என்பது அதன் பொருள். நமது லயத்துப் பிள்ளையின் கதையும் அதுதான் அல்லவா? தம்பி பிறந்ததும் அவளுக்குப் பால் நின்றது. பிறகு அவள் சாப்பிட்டது சாயத்தண்ணியில் நனைத்த ரொட்டி. புரதக் குறைவு ஒன்றே இதற்குக் காரணமில்லை, அடிக்கடி வரும் வயிற்றோட்டமும் காய்ச்சலும் சேர்ந்து கொள்கின்றன என்று இன்று வைத்தியர்கள் சொல்கிறார்கள். அப்படியே முற்றிய பிள்ளைகளை இப்போது அபூர்வமாகவே பார்க்கிறோம். ஆனால் அபூர்வம் என்று நினைத்துத்தானே நாம் ஏமாந்தோம்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்து சில மாதங்களுக்குப் பிறகு அந்தப் பிள்ளையைப் பிள்ளைக் காம்பராவில் கண்டோம். முடி வேரில் இரண்டு விரல் அகலத்துக்குக் கறுத்து, நுனியில் மட்டும் செம்பட்டை நின்றது. முடி மாதத்துக்கு ஒரு சென்ரிமீற்றர் அளவில்தான் வளரும். பட்டினி கிடந்த மாதங்களையும் சாப்பிட்ட மாதங்களையும் அந்தத் தலையில் அளந்து பார்க்கக் கூடியதாக இருந்தது.

ஆகவே பிள்ளையின் முடி செம்பட்டையானால் உடனே பயப்படவும் வேண்டாம், சும்மா விடவும் வேண்டாம். வெயிலாலும் நிறம் மங்கும், சில குடும்பங்களுக்கு அது வழிவழியாகவும் வரும். முடி மெலிந்து, மெல்லப் பிடித்தாலும் கையோடு வந்து, பிள்ளை விளையாடாமல் சோர்ந்து கிடந்து, எடை அட்டையில் கோடு மேலே ஏறாமல் நின்றால் மருத்துவமாதிடம் காட்டுங்கள். காலில் வீக்கம் கண்டால் ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம். அந்த நேரத்தில் வீட்டிலேயே முட்டையும் பாலும் திணித்துச் சரிப்படுத்தப் பார்ப்பது ஆபத்து. பலவீனப்பட்ட உடம்பு அதைத் தாங்காது. ஆஸ்பத்திரியில் சிறிது சிறிதாக, அளந்துதான் கொடுப்பார்கள்.

தாய்மாரின் முடிக்குத் திரும்புவோம். ஒருவர் தலையில் ஏறக்குறைய ஒரு லட்சம் முடி உண்டு. நாளுக்கு 50 முதல் 100 வரை கொட்டுவது வழக்கம், அதை எண்ணிக் கவலைப்பட வேண்டாம். பிள்ளை பெற்று இரண்டு முதல் நாலு மாதத்தில் அதிகமாகக் கொட்டும். வயிற்றில் பிள்ளை இருந்த காலத்தில் விழாமல் நின்ற முடியெல்லாம் சேர்ந்து விழுகிறது. ஒரு வருஷத்துக்குள் பெரும்பாலும் தானாகவே திரும்பி வரும். கடும் காய்ச்சலுக்குப் பிறகும் இப்படி ஆகும். ஆனால் அந்தக் காலத்தில் பத்தியம் என்று சொல்லி, "முட்டை குடுத்தாப் புள்ளைக்குச் சொறி வரும்" என்று தாயின் வாயைக் கட்டினால், திரும்பி வருகிற முடிக்கும் சரக்கு இருக்காது, பாலுக்கும் கஷ்டம். அப்பாயிமாரிடம் நாம் சண்டைக்கு வரவில்லை. பத்தியத்தில் பருப்பையும் முட்டையையும் மட்டும் விட்டுக் கொடுங்கள் என்று கேட்கிறோம்.

இரும்புச் சத்துக் குறைந்தாலும் முடி கொட்டும். முகம் வெளுத்து, மலை ஏற மூச்சு வாங்கினால் இரத்தம் சோதிக்க வேண்டும். நாம் பறிக்கிற தேயிலையே இதில் ஒரு குற்றவாளி. சாப்பாட்டோடு குடிக்கிற சாயம் கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்பை உடம்பில் சேர விடாது. சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் கழித்துத் தேத்தண்ணி குடியுங்கள். சாப்பாட்டில் தேசிக்காய் பிழிந்து கொண்டால் இரும்பு நன்றாகச் சேரும். கொய்யாப் பழமும் அதே வேலையைச் செய்யும்.

உச்சந்தலையில் ஒரு பட்டை மட்டும் முடி தேய்ந்திருந்தால் அதற்குச் சாப்பாடு மருந்தல்ல. அது கூடைக் கயிறு இழுத்த தழும்பு. வருஷக் கணக்கில் அதே இடத்தில் பாரம் இழுத்தால் வேரே செத்துப் போகும். துணியை நாலாய் மடித்துக் கயிற்றுக்குக் கீழே வையுங்கள், கயிறு படும் இடத்தை மாற்றி மாற்றிப் போடுங்கள். வட்ட வட்டமாக முடி போவது, தலையில் செதில், சொறி, பேன் எல்லாம் வேறு வியாதி, டிஸ்பென்சரியில் காட்ட வேண்டியவை.

கடைசியாக, குளிர்ப் பிரதேசத் தாய்மாருக்கு ஒரு வேண்டுகோள். மாதாந்தம் பிள்ளைகளின் எடை பார்க்கும் நாளில், தராசில் வைக்கும் முன் பிள்ளையின் தொப்பியைக் கழற்றி விடுங்கள். மருத்துவமாது தலையையும் பார்க்கட்டும். காலுறை போட்டிருந்தால் அதையும் கழற்றுங்கள். குளிரும்தான். பார்த்து முடிந்ததும் உடனே போட்டு விடலாம்.